போர் முடிந்த மண்ணில் ஒரு வழக்குக் கோப்பைத் திறப்பது எப்படி: இலங்கையின் வடக்கு கிழக்கில் பணி தொடங்கும் இளம் சட்டத்தரணிகளுக்கு ஒரு வழிகாட்டி

சத்தியப்பிரமாணம் செய்து சில மாதங்களே ஆன நிலையில், காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கும் காணி இழந்தவர்களுக்கும் உதவ வேண்டும் என்ற எண்ணத்தோடு நீங்கள் வன்னிக்கோ மட்டக்களப்புக்கோ மன்னாருக்கோ வந்திருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்காக எழுதப்பட்டது. நான் வந்தபோது என்னிடம் சட்டப் புத்தகங்கள் இருந்தன. ஆனால் எந்தப் படிவத்தை எந்த மேசையில் கொடுப்பது, எந்தக் காகிதம் இல்லாவிட்டால் எத்தனை மாதம் வீணாகும், எந்தக் கேள்வியை முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டும் என்பவற்றைச் சொல்லித்தர எவரும் இருக்கவில்லை. அவற்றைத் தவறுகள் மூலமே கற்றேன். அந்தத் தவறுகளின் விலையைக் கொடுத்தவர்கள், ஒரு கையெழுத்துக்காக நான்கு முறை பேருந்து ஏறிய தாய்மார்.

சமாதானத்தைக் கட்டியெழுப்புவதில் சட்டத்தரணிக்கு என்ன பங்கு என்று கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்கப்படுகிறது. என்னைப் பொறுத்தவரை அந்தப் பங்கு கோப்புக்குள்தான் இருக்கிறது. ஓர் அரச அலுவலகம் எழுத்தில் பதில் தரும்படி செய்வதும், ஒரு காணியை அதன் உரிமையாளரிடம் சேர்க்கும்போது இன்னொரு குடும்பம் தெருவுக்கு வராமல் பார்ப்பதும் அந்தப் பங்கில் அடங்கும். கீழே உள்ள ஒழுங்கிலேயே வேலையைச் செய்யுங்கள். ஒழுங்கு மாறினால் பல இடங்களில் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரும்.

1. படிவத்தை எடுக்கும் முன் அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்

வந்தவரின் கதையைக் கேட்டவுடன் அதற்குப் பொருத்தமான மனு எது என்று மனம் ஓடத் தொடங்கும். அதைச் சற்று நிறுத்தி வையுங்கள். கணவரைத் தேடும் ஒரு பெண்ணுக்கு உண்மையில் வேண்டியது அவர் எங்கே என்ற பதிலா, பிள்ளையின் பாடசாலை அனுமதிக்குத் தேவைப்படும் காகிதமா, கணவர் பெயரில் உள்ள காணியைப் பராமரிக்கும் அதிகாரமா, அவரைக் கொண்டுபோனவர்கள் மீது நடவடிக்கையா என்பது கேட்டால்தான் தெரியும். நான்குக்கும் நான்கு வழிகள் உண்டு. ஒன்றுக்காக எடுக்கும் காகிதம் இன்னொன்றின் வழியை அடைத்துவிடவும் கூடும்.

நான் கையாண்ட முதற் கோப்புகளில் ஒன்றில், மகனைத் தேடும் ஒரு தாயிடம் காணாமற்போனமைக்கான சான்றிதழுக்குரிய விண்ணப்பத்தை நிரப்பிக் கையெழுத்துக்காக நீட்டினேன். அவர் பேனாவை வாங்கி, மேசையில் வைத்துவிட்டு, "பிள்ளை, இதில கையெழுத்து வைச்சா அவன் இல்லை எண்டு நான் ஒத்துக்கொண்ட மாதிரி ஆயிடாதோ?" என்று கேட்டார். விளக்கம் சொல்லாமல் படிவத்தை நீட்டியது என் பிழை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரி முதல் தெருவோரத்தில் போராடி வரும் குடும்பங்களில் பல, இழப்பீட்டையும் சான்றிதழையும் மறுப்பது இந்த அச்சத்தினால்தான். அந்த மறுப்பை அறியாமை என்று எண்ணாதீர்கள். ஒரு குடும்பம் நன்றாக யோசித்து எடுத்த முடிவு அது. உங்கள் கடமை ஒவ்வொரு காகிதமும் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெளிவாகச் சொல்வது. முடிவை அவரிடம் விடுங்கள். அன்றைக்கே முடிவு சொல்லும்படியும் கேட்காதீர்கள்.

2. பையிலுள்ள காகிதங்களைப் பிரியுங்கள்

ஏறத்தாழ எல்லோரும் ஒரு பையோடுதான் வருவார்கள். பல இடப்பெயர்வுகளில் உடலோடு கட்டிக் காப்பாற்றிய பொலித்தீன் பை அது. உள்ளே மடிப்பில் கிழிந்த பிறப்புச் சான்றிதழ், ஓரம் நீரில் ஊறிய கடவுச்சீட்டளவுப் படம், செஞ்சிலுவைக் குழு தந்த கடிதம், எந்த ஆணைக்குழு என்றே தெரியாத ஒரு பற்றுச்சீட்டு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். முதற் சந்திப்பின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்குங்கள். இரண்டு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

மூலப் பத்திரங்களை ஒருபோதும் வாங்கி வைக்காதீர்கள். அவர் முன்னிலையிலேயே பிரதி எடுத்து, மூலத்தைத் திருப்பிக் கொடுத்து, எடுத்த பிரதிகளின் பட்டியலில் இருவரும் கையெழுத்திட்டு ஒன்றை அவரிடம் கொடுங்கள். நிறுவனம் ஒன்றிடம் மூலத்தைக் கொடுத்து, அந்த நிறுவனம் ஊரை விட்டுப் போனபின் எதுவும் கையில் இல்லாமல் நின்ற குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். தொலைபேசியில் படம் எடுத்து வைப்பது நல்லது. ஆனால் அதைப் பிரதிக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது.

பட்டியலில் இருக்க வேண்டியவை: காணாமற்போனவரின் பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை அல்லது அதன் இலக்கம், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், கிராம அலுவலரின் வதிவிட உறுதிப்படுத்தல், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கம், செஞ்சிலுவைக் குழுவின் கடிதம். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, காணாமற்போனோர் முறைப்பாடுகளை விசாரித்த பரணகம ஆணைக்குழு போன்றவற்றின் முன் சாட்சியம் அளித்திருந்தால் அந்த இலக்கத்தையும் தேடுங்கள். "எல்லாருக்கும் சொல்லிட்டன்" என்று சலிப்போடு சொல்வார்கள். எங்கே, எந்த ஆண்டு, எவர் எழுதினார் என்று பொறுமையாகக் கேட்டு எழுதுங்கள்.

பெயர்தான் இங்கே பெரிய பொறி. ஒரே ஆளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், சிங்களத்தில் எழுதப்பட்ட பொலிஸ் பதிவில் இன்னொரு விதமாகவும், அடையாள அட்டையில் மூன்றாவது விதமாகவும் இருக்கும். தந்தை பெயர் முன்னெழுத்தாகவும் முழுப்பெயராகவும் மாறி மாறி வரும். இதை நீங்கள் முதல் நாளே கவனிக்காவிட்டால், ஆறு மாதம் கழித்து ஓர் எழுதுவினைஞர் கவனித்துக் கோப்பைத் திருப்பி அனுப்புவார். வேறுபாடுகள் அனைத்தையும் ஒரே சத்தியக் கடதாசியில் (எழுத்து மூல உறுதிமொழியில்) தொகுத்து, இவை யாவும் ஒரே நபரையே குறிக்கும் என்று வெளிப்படுத்தி, எல்லா விண்ணப்பங்களோடும் இணையுங்கள். பிறப்பே பதியப்படாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் வழி உண்டு. அதைப் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் உடனே தொடங்குங்கள்.

பழைய பொலிஸ் வாக்குமூலத்தை, கையெழுத்திட்டவருக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்டதாயின், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு மொழிபெயர்த்துப் படித்துக் காட்டுங்கள். தாம் சொன்னதற்கும் அங்கே எழுதியிருப்பதற்கும் உள்ள இடைவெளியை அன்றுதான் அவர்கள் முதன்முதலாக அறிவார்கள். அந்த முரண்பாடு குறுக்கு விசாரணையில் வெளிவருவதைவிட உங்கள் அறையில் வெளிவருவது எவ்வளவோ மேல்.

3. சத்தியக் கடதாசியில் அவசரப்படாதீர்கள்

எந்த வழியில் போனாலும் சத்தியக் கடதாசி வேண்டும். இதில் இரண்டு இடங்களில் கோப்பு சறுக்கும். முதலாவது, இந்து, பௌத்த, முஸ்லிம் சமயத்தவர் உறுதியுரைப்பதும் கிறிஸ்தவர் சத்தியம் செய்வதும் வழமை. முந்தைய கோப்பின் வாசகத்தைக் கணினியில் அப்படியே வைத்துப் பெயரை மட்டும் மாற்றும்போது, தொடக்கத்தில் உறுதியுரை என்றும் முடிவில் சத்தியம் என்றும் நின்றுவிடும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் பிடிப்பது அதைத்தான். இரண்டாவது, சமாதான நீதவான் முன்னிலையில் கையெழுத்திடும்போது வாசகத்தைக் கட்சிக்காரருக்குத் தமிழில் வாசித்து விளக்கியதாக உள்ள குறிப்பு உண்மையாக இருக்க வேண்டும். வாசித்துக் காட்டுங்கள். நாள்கள் தவறாக இருந்தால் அங்கேயே திருத்துவார்கள். "சித்திரை வருசத்துக்கு முதல் கிழமை" என்று நினைவு வைத்திருப்பவரிடம் ஆங்கிலத் தேதியை நீங்களாகத் திணித்துவிடக் கூடாது. ஏறத்தாழ என்று எழுதுவதில் எந்தக் குறைவும் இல்லை.

4. காணாமற்போனவர் கோப்பு: எந்தக் காகிதம் எதற்கு

2010-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்க இறப்புப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம், ஓராண்டுக்கு மேல் தகவல் இல்லாத ஒருவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. 2016-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்கத் திருத்தம், மரணத்தை ஏற்க விரும்பாத குடும்பங்களுக்காகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைக் கொண்டுவந்தது. இச்சான்றிதழைக் கொண்டு நலன்புரி உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், பிள்ளைகளின் பாதுகாவலை ஒழுங்கு செய்யலாம், காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். சொத்தை விற்கும் உரிமையை இது தராது. அந்த ஆள் இறந்துவிட்டார் என்றும் இது சொல்லாது. இந்தக் கடைசி வசனத்தை அந்தத் தாயிடம் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

விண்ணப்பத்தைப் பதிவாளர் நாயகம் திணைக்களமே கையாள்கிறது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் இடைக்கால அறிக்கை இருந்தால் பாதை எளிதாகும். ஆகவே 2016-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அந்த அலுவலகத்தில் முறைப்பாடு பதிவாகியுள்ளதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். அங்கே கட்டணம் இல்லை. ஆனால் அங்கே போவதற்கு முன் குடும்பத்தாரிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள்: அந்த அலுவலகத்தின் கண்டறிவுகள் எவர்மீதும் குற்றவியல் பொறுப்பையோ குடியியல் பொறுப்பையோ ஏற்படுத்தா என்று அச்சட்டமே கூறுகிறது. அது தேடும் அமைப்பு. தண்டிக்கும் நீதிமன்றம் அல்ல. இதை மறைத்து அனுப்பினால், மூன்று ஆண்டு கழித்து அவர்கள் உங்களையும் நம்பமாட்டார்கள்.

மரணச் சான்றிதழ் எடுக்கும் முடிவு குடும்பத்துக்குள்ளேயே பிளவை உண்டாக்கும். மனைவிக்குக் காணியோ ஓய்வூதியமோ தேவைப்படும்; கணவரின் தாய் அந்தச் சொல்லையே கேட்க மறுப்பார். நீங்கள் மனைவியின் சட்டத்தரணி என்றாலும், வழக்கு முடிந்த பின்னும் இவர்கள் ஒரே வளவில்தான் வாழப்போகிறார்கள். இருவரையும் ஒன்றாக அழைத்து, இரு சான்றிதழ்களின் வேறுபாட்டையும் விளக்குங்கள். மேசையில் இருக்கும் கோப்பைவிட இந்த ஒரு மணி நேரம் பெறுமதியானது.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட பெண்களுக்கு இன்னொரு முடிச்சு இருக்கிறது. மணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியைக்கூடக் கணவரின் எழுத்து மூலச் சம்மதமின்றி உறுதி (காணி உரிமைப் பத்திரம்) முடிக்க முடியாது. கணவர் காணாமற்போயிருந்தால் சம்மதம் எங்கிருந்து வரும்? 1911-ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை வழங்க முடியும். இது தெரியாததால், மகளின் திருமணத்துக்குக் காணி எழுதிக் கொடுக்க வழியின்றி, விருப்பமே இல்லாமல் கணவருக்கு மரணச் சான்றிதழ் எடுத்த பெண்கள் இருக்கிறார்கள். உங்களிடம் வருபவர் அந்த நிலைக்குத் தள்ளப்படக் கூடாது.

காணாமற்போனவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கோரும் ஆட்கொணர்வு மனு என்பது நீண்ட பாதை. மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ மாகாண மேல் நீதிமன்றத்திலோ தாக்கல் செய்யலாம். விசாரணைக்காக நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படுவதும் உண்டு. போரின் முடிவில், 2009 மே மாதத்தில் படையினரிடம் சரணடைந்தவர்கள் தொடர்பாக வவுனியா மேல் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட மனுக்கள் ஏறத்தாழப் பத்தாண்டு சென்றன. ஆகவே இதைத் தொடங்குமுன் சாட்சிகளின் வயதைப் பாருங்கள். கண்ணால் கண்ட சாட்சி எழுபதைக் கடந்தவராயின், அவரது சத்தியக் கடதாசியை இன்றைக்கே எடுங்கள். சாட்சியம் சொல்லும் நாள் வருமுன் இறந்துபோன தந்தைமார் பலர்.

5. கால எல்லைகளைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்

அடிப்படை உரிமை மீறல் மனுவை, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126-ஆம் உறுப்புரை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், 1996-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சட்டத்தின் 13(1)-ஆம் பிரிவின்படி விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்றதோடு நின்றுவிடாதீர்கள். விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்தது என்று காட்டும் கடிதத்தையும் ஆணைக்குழுவிடம் கேட்டு வாங்குங்கள். நீதிமன்றம் அதைக் கேட்கிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்குப் போவதற்கான செலவு, கொழும்புக்குப் போய் மனுப் போடும் செலவில் சிறு பங்குதான்.

அரச அலுவலகம் எழுத்தில் பதில் தராதபோது 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். 14 வேலை நாள்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். அது வராவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும் பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். "காணி ஏன் விடப்படவில்லை" என்று கேட்காதீர்கள். அது தகவல் அன்று, விளக்கம். "இக்காணி சுவீகரிக்கப்பட்டதாயின் அதற்குரிய வர்த்தமானியின் இலக்கமும் திகதியும் என்ன" என்று கேளுங்கள். நான் முதலில் அனுப்பிய விண்ணப்பங்கள் பல இந்த ஒரு காரணத்தால்தான் பயனில்லாமல் திரும்பின.

2025 மார்ச் 28-ஆம் திகதிய 2430-ஆம் இலக்க வர்த்தமானியை நினைவில் வைத்திருங்கள். வட மாகாணத்தில் 5,940 ஏக்கர் காணி குறித்து, மூன்று மாதத்துக்குள் உரிமை கோரப்படாவிட்டால் அது அரச காணியாகும் என்று காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டது. உரிமையாளர்களில் பலர் இடம்பெயர்ந்தோ நாட்டை விட்டுச் சென்றோ இருந்தார்கள். உறுதி தொலைத்தவர்களும் இருந்தார்கள். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அறிவித்தலை மீளப்பெற்றது. அந்த மூன்று மாதத்தில் ஊர் ஊராகச் சென்று இலவசமாக உரிமைக் கோரிக்கைகளை எழுதிக் கொடுத்த சட்டத்தரணிகளின் வேலை எவ்வளவு அவசரமானதாக இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். வாரந்தோறும் வர்த்தமானியைப் பார்ப்பதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

6. காணிக் கோப்பு

முதலில் காணி எவ்வகையைச் சேர்ந்தது என்று தீர்மானியுங்கள். தனியார் உறுதிக் காணியா, 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணியா, அளிப்புக் காணியா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. போர்க்காலத்தில் வெறும் தாளில் எழுதி வாங்கியவர்கள் ஏராளம். விடுதலைப் புலிகளின் நிர்வாகக் காலத்துக் காணிப் பத்திரங்களைச் சட்டம் உரித்தாக ஏற்பதில்லை. ஆனாலும் அவற்றை எறிந்துவிடச் சொல்லாதீர்கள். எந்த ஆண்டில் எவர் அங்கே குடியிருந்தார் என்பதற்கு அவை உதவலாம். அனுமதிப்பத்திரக்காரர் இறந்திருந்தால், துணைவரோ பின்னுரித்தாளரோ (அவருக்குப் பின் காணியைப் பெற நியமிக்கப்பட்டவர்) 6 மாதத்துக்குள் காணியின் உடைமையை ஏற்க வேண்டும் என்ற விதியைக் கவனியுங்கள். பின்னுரித்தாளர் நியமிக்கப்படாத இடத்தில் மூத்த மகனுக்கே முன்னுரிமை என்றிருந்த ஒழுங்கை 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. இதை இன்னும் அறியாத அலுவலர்கள் இருக்கிறார்கள். திருத்தச் சட்டத்தின் பிரதி உங்கள் பையில் இருக்கட்டும்.

உறுதி எரிந்துவிட்டது என்று சொல்பவர் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தே வருவார். முடியவில்லை. உறுதி எழுதும் நொத்தாரிசு ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டியவர். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு ஆகிய மூன்றில் இரண்டு கிடைத்தால் தேடலாம். இலக்கம் தெரியாவிட்டால் அயல் காணிக்காரரின் உறுதியைக் கேட்டுப் பாருங்கள். அதன் எல்லை விவரத்தில் உங்கள் கட்சிக்காரரின் தந்தையின் பெயர் இருக்கும். பல வேளைகளில் ஒரே மூலக் காணியிலிருந்து பிரிந்த துண்டுகளாக இருக்கும்.

உறுதியை மட்டும் நம்பாமல் அனுபவத்துக்கான சான்றுகளையும் சேருங்கள்: சோலைவரிப் பற்றுச்சீட்டு, பழைய வாக்காளர் இடாப்பு, மின் பட்டியல், பங்கீட்டு அட்டை, பிள்ளைகளின் பாடசாலை அனுமதிப் பதிவேட்டில் உள்ள முகவரி. பின்பு காணிக்கு நேரில் போங்கள். நான் ஒருமுறை முதியவர் ஒருவரோடு, இருபது ஆண்டுக்கு மேல் எவரும் நுழையாத பற்றைக் காட்டுக்குள் போனேன். வீட்டின் அத்திவாரம்கூடத் தெரியவில்லை. அவர் நேராக நடந்து ஓரிடத்தில் நின்று, காலால் சருகை விலக்கி, கிணற்றுக் கட்டின் வட்டத்தைக் காட்டினார்; அதிலிருந்து அடியெடுத்துக் கிழக்கு எல்லைப் பனைகளுக்குப் போனார். இரண்டு பனை இல்லை, ஒன்று இருந்தது. நீதிமன்றம் அனுப்பும் நில அளவையாளரின் வரைபடத்தில் அந்தக் கிணறும் அந்தப் பனையும் குறிக்கப்பட வேண்டும் என்று கேட்க, நேரில் போனவருக்குத்தான் தெரியும். கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்பதைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் உறுதி செய்துகொள்ளாமல் உள்ளே கால் வைக்காதீர்கள்.

ஆட்சியுரிமை பற்றியும் எச்சரிக்கை. 1871-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, 10 ஆண்டு தடையின்றி எதிரிடையாக அனுபவித்தவர் உரித்துக் கோரலாம். போரினால் திரும்ப முடியாதவர்களுக்காக 2016-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கிலிருந்து விலக்கி வைத்தது. ஆனால் வழக்குத் தொடர அது தந்த அவகாசம் மட்டுப்பட்டது, அது கடந்துவிட்டது. ஆகவே இன்று வருபவரிடம், 2009-க்குப் பின் எப்போது முதன்முதலில் திரும்பி வந்து தம் காணியைக் கேட்டார், எவரிடம் கேட்டார், எழுத்தில் கேட்டாரா என்று விசாரியுங்கள்.

படையினர் வசமுள்ள காணியாயின், முதலில் அது சட்டப்படி சுவீகரிக்கப்பட்டதா, வெறுமனே கைவசம் வைத்திருக்கப்படுகிறதா என்று பாருங்கள். வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல் 2013-இல் ஒட்டப்பட்டபோது, உரிமையாளர்கள் பெருந்தொகையாக மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். கூட்டாகப் போகும்போது செலவு பகிரப்படும்; அச்சமும் குறையும்.

7. மறுபக்கத்தில் இருப்பவரையும் சந்தியுங்கள்

நான் மிகத் தாமதமாகக் கற்றது இதுதான். காணியை அத்துமீறிப் பிடித்திருப்பவர் என்று மனுவில் நாம் எழுதும் ஆள், பல வேளைகளில் வேறோர் இடத்திலிருந்து துரத்தப்பட்டவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் திரும்பியபோது, அவர்களின் வளவுகளில் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இருந்த இடங்கள் உண்டு. இருவர் கையிலும் இடப்பெயர்வு அட்டை. வெளியேற்றக் கட்டளை ஒன்றைப் பெற்று, அதை நிறைவேற்றும் பிஸ்கால் அலுவலரோடு போய் நின்றால் வழக்கு வெல்லும். ஊரில் அடுத்த பகைக்கு விதையும் விழும்.

வழக்குப் போடும் முன் எதிர்த்தரப்பாரின் போகுமிடம் என்ன என்று கேளுங்கள். அவருக்கு வேறு காணி ஒதுக்கும்படி பிரதேச செயலாளருக்கு எழுத, உங்கள் கட்சிக்காரரின் சம்மதத்தோடு உதவுங்கள். அது கட்சிக்காரருக்குச் செய்யும் துரோகம் ஆகாது. காணி விரைவாகத் திரும்பக் கிடைப்பதற்கான மிகக் குறுகிய வழி பெரும்பாலும் அதுவே. காணிப் பிணக்குகளுக்கான விசேட மத்தியஸ்த சபைகள் உள்ள மாவட்டங்களில் அவற்றை முயன்று பாருங்கள். செலவு மிகக் குறைவு. சபையின் முன் சட்டத்தரணி தோன்ற முடியாது; ஆகவே முந்தின நாளே கட்சிக்காரரோடு அமர்ந்து, எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். தீர்வில் எல்லை, பாதை, கிணற்று நீர் ஆகிய மூன்றும் தெளிவாக எழுதப்படாவிட்டால் அடுத்த மாரிக்குள் சண்டை மறுபடி வரும்.

சமநிலை இல்லாத இடத்தில் சமரசம் பேசாதீர்கள். எதிரில் இருப்பவர் சீருடைக்காரராகவோ பணபலம் உள்ளவராகவோ இருந்தால், விட்டுக்கொடுப்பு என்பது மிரட்டலுக்குப் பணிவதாகிவிடும். அங்கே நீதிமன்றமே சரியான இடம்.

8. புதைகுழி அகழ்வில் குடும்பத்தின் சார்பில் தோன்றுவது

அகழ்வு நீதவானின் மேற்பார்வையில் நடக்கும். குடும்பங்களின் சார்பில் தோன்ற முதல் தவணையிலேயே அனுமதி கேளுங்கள். மண்ணியல், தடயவியல் பற்றிப் படிக்காமல் போகாதீர்கள். எந்த எலும்பிலிருந்து மாதிரி எடுக்கப்படுகிறது, எந்த ஆய்வுகூடத்துக்கு, எவர் கையில் போகிறது என்று கேட்பது உங்கள் வேலை. 2025 ஆகஸ்ட் 5 அன்று, யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் மீட்கப்பட்ட பொருள்கள் நீதிமன்ற உத்தரவுப்படி மக்களுக்குக் காட்டப்பட்டன. அத்தகைய நாளில் குடும்பத்தாருடன் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பள்ளிப் பையையோ குழந்தையின் பால் போத்தலையோ கண்ட தாயிடம் உடனே வாக்குமூலம் எடுக்காதீர்கள். முதலில் நீர் கொடுங்கள். மறுநாள் எழுதலாம்.

9. பாதுகாப்பும் செலவும்

வீட்டுக்கு எவரேனும் விசாரிக்க வந்தால் நாள், நேரம், வந்தவர் சொன்ன அலுவலகம், வாகன இலக்கம் ஆகியவற்றைக் குறிக்கும்படி ஒரு சிறு கொப்பியைக் கொடுத்து வையுங்கள். 2023-ஆம் ஆண்டின் 10-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கோரும்போது அந்தக் கொப்பிதான் சான்று. கட்சிக்காரரின் பெயரையோ படத்தையோ அவரது எழுத்து மூல அனுமதியின்றி எந்த ஊடகத்துக்கும், எந்த நிதி வழங்குநரின் அறிக்கைக்கும் கொடுக்காதீர்கள். அனுமதி தந்தாலும், அது எங்கெல்லாம் போகும் என்று விளக்கிய பிறகே பெறுங்கள்.

செலவை முதல் நாளே எழுத்தில் சொல்லுங்கள். உங்கள் கட்டணம் இலவசமாக இருந்தாலும் முத்திரை, மொழிபெயர்ப்பு, நில அளவை, உறுதிப்படுத்திய பிரதிகள், கொழும்புக்கான பயணம் எல்லாம் ஒருவர் தலையில் விழும். நில அளவைதான் பெரும்பாலும் எல்லாவற்றிலும் கூடுதலானது. சட்ட உதவி ஆணைக்குழுவின் உதவிக்குத் தகுதி உள்ளவரா என்று பார்த்து அனுப்புங்கள். நாள் கூலிக்குப் போகும் ஒருவருக்கு நீதிமன்றத் தவணை என்பது ஒரு நாள் உணவு. தவணை ஒத்திவைக்கப்படும் என்று முன்பே தெரிந்தால் முதல் நாள் மாலையே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

10. கோப்பை மூடும்போது

உங்களுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போகலாம். போகுமுன் ஒவ்வொரு கோப்பின் முதற்பக்கத்திலும் வழக்கிலக்கம், அடுத்த தவணை, சான்றிதழ் செல்லுபடியாகும் கடைசி நாள், இனிச் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியம் ஆகியவற்றைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். அதன் பிரதியைக் கட்சிக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவராயின் பேரப்பிள்ளையை அழைத்து வாசிக்கச் சொல்லுங்கள். கோப்பை ஏற்கும் சட்டத்தரணியை நேரில் அறிமுகம் செய்து வையுங்கள். அதன்பின் அந்தத் தாள் பொலித்தீன் பைக்குள் போகும். அதற்கு முன் அதை நான்காக மடிக்க வேண்டாம் என்று சொல்லி, ஒரு கண்ணாடி உறையில் இட்டுக் கொடுங்கள்.